அடிமை வியாபாரி பாதிரியார் ஆன கதை

ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவர்கள் இருக்கும் நாடுகளில் எல்லாம் பாடப்படும் ஒரு பாட்டு உண்டு. அமேசிங் கிரேஸ் என்பது அதன் பெயர். வியக்கத்தக்க கிருபை என்று அதற்குப் பொருள். தேவாலயத்தில் பாடுவார்கள். சாவு வீட்டிலும் பாடுவார்கள்.

அந்தப் பாட்டை எழுதியவர் ஒரு பாதிரியார். பாதிரியார் ஆவதற்கு முன் அவர் செய்த தொழில் என்ன தெரியுமா? மனிதர்களை விலைக்கு வாங்கி, சங்கிலியில் பூட்டி, கப்பலில் ஏற்றிச் சென்று விற்பது!

அவர் பெயர் ஜான் நியூட்டன். பூமியின் ஈர்ப்புச் சக்தியைப் பற்றிச் சொன்ன விஞ்ஞானி ஐசக் நியூட்டன் வேறு. இவர் வேறு.

இத்தனை பெரிய பாவம் செய்தவர், தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று எப்படி நம்பினார்? நம்பிய பிறகு என்ன செய்தார்? இதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

தாயின் ஆசை

1725-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி ஜான் லண்டனில் பிறந்தான். தேம்ஸ் நதிக்கரையில் கப்பல்காரர்கள் வாழ்ந்த வாப்பிங் என்ற பகுதியில் அவர்கள் வீடு. தகப்பனார் கப்பல் தலைவர். அவர் வீட்டில் தங்கும் நாட்கள் குறைவு.

தாய் எலிசபெத் பக்தி மிகுந்தவள். மகனுக்கு அவளே எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நாலு வயதில் ஜான் நன்றாகப் படித்தான். பைபிள் வசனங்களையும் பக்திப் பாட்டுகளையும் மனப்பாடமாகச் சொன்னான். மகன் பாதிரியார் ஆகவேண்டும் என்பது தாயின் ஆசை.

ஆனால் அவளைக் காசநோய் பிடித்தது. ஜானுக்கு ஏழு வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது அவள் கண்ணை மூடினாள்.

தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். ஜானுக்கு 11 வயது ஆனதும், அவனைத் தம் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டார்.

கடல் வாழ்க்கை கரடுமுரடானது. ஜான் கெட்ட சேர்க்கையில் விழுந்தான். நாக்கு கூசாமல் கெட்ட வார்த்தை பேசினான். நடுநடுவே பயம் வரும். நரகத்துக்குப் போய்விடுவோமோ என்று நடுங்குவான். உடனே பக்தனாக மாறிவிடுவான். ஒரு சமயம் இரண்டு ஆண்டுக் காலம் விரதமும் ஜெபமுமாக இருந்தான். மாமிசத்தைக் கூடத் தொடவில்லை. தன் புண்ணியத்தால் தன் பாவத்தைக் கழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

கணக்குச் சரியாக வரவில்லை. மனம் சலித்தது. கடவுளே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தான்.

முதுகில் சவுக்கடி

17-வது வயதில் ஜான் ஒரு பெண்ணைப் பார்த்தான். அவள் பெயர் மேரி. அவளுக்கு அப்போது 14 வயது கூட நிரம்பவில்லை. அவள் முகம் அவன் மனதில் பதிந்துவிட்டது. வாழ்ந்தால் அவளோடுதான் என்று முடிவு செய்தான்.

1744-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை மூண்டது. அந்தக் காலத்தில் கடற்படைக்கு ஆள் பிடிப்பவர்கள் கண்ணில் பட்ட மாலுமியை இழுத்துக்கொண்டு போவார்கள். ஜானையும் பிடித்து ஹார்விச் என்ற போர்க் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

அங்கே அவன் சும்மா இருக்கவில்லை. கடவுள் நம்பிக்கை உள்ள ஓர் இளைஞனிடம் வாதாடி வாதாடி, அவன் நம்பிக்கையைக் கெடுத்தான். இந்தச் செயல் பின்னால் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஒருநாள் கப்பலை விட்டு ஓடினான். பிடிபட்டான். எல்லாரும் பார்க்க, சட்டையைக் கழற்றிக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். பதவியையும் பறித்தார்கள். ஜான் கொதித்தான். கேப்டனைக் கொன்றுவிட்டுத் தானும் செத்துவிடலாமா என்று கூட நினைத்தான். மேரி தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பாளே என்ற ஒரே எண்ணம்தான் அவனைத் தடுத்தது.

பிறகு, ஆப்பிரிக்கா போகும் வேறொரு கப்பலுக்கு அவனை மாற்றினார்கள். அது அடிமை வியாபாரக் கப்பல்.

அடிமைகள் போட்ட சோறு

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் கரைக்கு அருகே சில சிறு தீவுகள் உண்டு. அங்கே ஒரு வெள்ளைக்கார அடிமை வியாபாரியிடம் ஜான் வேலைக்குச் சேர்ந்தான். பணக்காரன் ஆகலாம் என்பது அவன் எண்ணம்.

வந்த சில நாளில் கடும் காய்ச்சல் கண்டது. முதலாளி வெளியூர் போயிருந்தார். அவருடைய மனைவியைப் போல இருந்த ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு ஜானைக் கண்டாலே ஆகாது. பாயும் மரக்கட்டையுமே அவனுக்குப் படுக்கை. குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே கஷ்டம். அவள் சாப்பிட்டு மீந்ததைத்தான் அவனுக்குப் போடுவாள். பசி தாங்காமல், இரவில் தோட்டத்துக் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான்.

அப்போது அவனுக்கு இரங்கியவர்கள் யார்? காலில் சங்கிலி பூட்டிய அடிமைகள்! தங்களுக்குக் கிடைத்த கொஞ்ச உணவில் ஒரு பங்கை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்படிச் சோறு போட்டவர்களைப் போன்ற ஆயிரக் கணக்கான மனிதர்களை விற்கும் தொழிலில்தான் ஜான் பின்னால் கேப்டன் ஆனான்!

புயலில் ஒரு வார்த்தை

மகனைத் தேடிக் கூட்டிவரும்படி தகப்பனார் ஒரு கப்பல் தலைவரைக் கேட்டுக்கொண்டார். அந்தக் கப்பலின் பெயர் கிரேஹவுண்டு. ஜான் அதில் ஏறினான். ஆனால் அவன் குணம் மாறவில்லை. அவன் பேசும் பேச்சைக் கேட்டு மாலுமிகளே காதைப் பொத்திக்கொண்டார்கள்.

1748-ம் ஆண்டு மார்ச்சு மாதம். கப்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பொழுது போகாமல் ஜான் ஒரு பக்தி நூலைப் புரட்டினான். இதெல்லாம் உண்மையாக இருந்துவிட்டால் என் கதி என்ன என்று ஒரு நினைவு வந்தது. புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போனான்.

நள்ளிரவு கடந்ததும் பேரலை ஒன்று கப்பலின் மேல் மோதியது. ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஜான் ஏணியில் ஏறினான். ஒரு கத்தி கொண்டுவரும்படி கேப்டன் சொன்னார். அவன் கத்தி எடுக்கத் திரும்பினான். அவனுக்குப் பதிலாக மேலே போனவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது!

துணியையும் பலகையையும் வைத்து ஓட்டையை அடைத்தார்கள். விடிவதற்கு முன் தொடங்கி மதியம் வரை ஜான் தண்ணீரை இறைத்தான். அந்த நேரத்தில், இதுவும் பலிக்காவிட்டால் கடவுள்தான் இரங்கவேண்டும் என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டது.

சொன்னதும் அவனே திடுக்கிட்டான். கடவுளைத் திட்டியே வளர்ந்தவன் அவன். மற்றவன் நம்பிக்கையையும் கெடுத்தவன். அவனுக்குக் கடவுள் எப்படி இரங்குவார்? தனக்கு மன்னிப்பே கிடையாது என்று அவன் அஞ்சினான்.

கப்பலில் இருந்த தேன்மெழுகும் லேசான மரமும் அது மூழ்காமல் காப்பாற்றின. பின்னும் நான்கு வாரம் அரைப் பட்டினியாக மிதந்தார்கள். அந்த நாட்களில் ஜான் பைபிளைப் படித்தான். அப்பன் சொத்தை அழித்துவிட்டுக் கந்தலோடு திரும்பிய ஊதாரி மகனின் கதையைப் படித்தான். அந்த மகன் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே அப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அந்த ஊதாரி மகன் தானே என்று ஜானுக்குத் தோன்றியது.

ஏப்ரல் மாதம் கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. மிச்சம் இருந்த கடைசி உணவு அப்போது பானையில் வெந்துகொண்டிருந்தது.

புயல் அடித்த நாள் இன்றைய காலண்டர்படி மார்ச்சு 21. சாகும் வரை, ஆண்டுதோறும் அந்த நாளை அவர் ஜெபத்தில் கழித்தார்.

பயம் போனது எப்படி?

ஆனால் ஒரே நாளில் அவன் மாறிவிடவில்லை. கெட்ட வார்த்தை மட்டும் நின்றது. அடுத்த பயணத்தில் பழைய வழிக்கே திரும்பினான். அவன் அடிமையைப் போல் கிடந்த அதே தீவுகளில் மறுபடியும் காய்ச்சல் வந்தது. தட்டுத் தடுமாறி எழுந்து, ஒதுக்குப்புறமான ஓர் இடத்துக்குப் போய் மண்டியிட்டான். இனிமேல் அப்படி இருப்பேன், இப்படி இருப்பேன் என்று அவன் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்த வாக்கு எதையும் காப்பாற்ற முடியவில்லை என்பது அவனுக்குத் தெரியும். உம்முடைய இஷ்டம் போல் செய்யும் என்று தன்னைக் கடவுளிடம் விட்டுவிட்டான். அன்று அவன் மனம் அமைதி அடைந்தது.

1750-ல் மேரியை மணந்தான். அதன் பிறகும் ஒரு பயம் இருந்தது. இன்று மன்னிப்புக் கிடைத்தது சரி; நாளைக்கு மறுபடி தவறினால்?

1754-ல் மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான செயிண்ட் கிட்சில் அலெக்சாண்டர் குளூனி என்ற கேப்டனைச் சந்தித்தான். ஏறக்குறைய ஒரு மாதம், தினமும் மாலையில் இருவரும் பேசினார்கள். ஒருநாள் இவன் கப்பலில். மறுநாள் அவர் கப்பலில். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

மன்னிப்பு என்பது கூலி அல்ல. மனிதன் சம்பாதிப்பது அல்ல. மனிதர்களின் பாவத்தைக் கிறிஸ்து சிலுவையில் சுமந்துவிட்டார். மனந்திரும்பி அவரை நம்பி வருகிறவனுக்கு மன்னிப்பு இலவசம் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதைத்தான் கிருபை என்கிறார்கள். மன்னிப்பு, மன்னிப்பவரின் வாக்கில் நிற்கிறது. மன்னிக்கப்பட்டவனின் பலத்தில் நிற்கவில்லை. இதை அறிந்ததும் ஜானின் பயம் தீர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாத பாவம்

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. குளூனியிடம் கிருபையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த மாதத்தில் ஜான் எதற்காக அந்தத் தீவுக்கு வந்திருந்தான்? ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை விற்க!

1750 முதல் 1754 வரை மூன்று முறை அவன் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகப் போனான். ஞாயிற்றுக்கிழமை மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினான். அடித்தளத்திலோ ஆண்களை இரண்டு இரண்டு பேராகச் சங்கிலியில் பூட்டி அடுக்கியிருந்தது. கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டுச் சிறுவர்களின் கட்டைவிரலை இறுக்கும் கருவியில் மாட்டினான். அதைத் தன் கப்பல் குறிப்பிலும் எழுதிவைத்தான்.

அந்தத் தொழில் அப்போது சட்டப்படி நடந்தது. ஊரில் மதிப்பும் இருந்தது. பெரிய மனிதர்கள் அதில் பணம் போட்டார்கள். சங்கிலியைப் பார்த்தால் ஜானுக்கு மனம் கூசும். வேறு தொழில் கிடைக்கவேண்டும் என்று ஜெபித்தான். ஆனால் இது பாவம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

நம்பிக்கையை இழந்த பழைய நண்பனை இந்த ஆண்டுகளில் ஜான் மறுபடியும் கண்டான். தன் கப்பலிலேயே அழைத்துக்கொண்டு போனான். அவனைத் திருத்தப் படாதபாடு பட்டான். முடியவில்லை. அந்த நண்பன் ஆப்பிரிக்கக் கரையில் காய்ச்சல் கண்டு, எனக்குக் கதியில்லை என்று புலம்பிக்கொண்டே செத்தான். தன் பாவம் மன்னிக்கப்பட்டாலும், தான் செய்த தீமையைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை ஜான் அன்று கண்டான்.

1754-ல் அடுத்த பயணம் புறப்படும் முன் திடீரென்று வலிப்பு வந்து விழுந்தான். அதோடு கடல் வாழ்க்கை முடிந்தது.

இரண்டு நண்பர்கள்

லிவர்ப்பூல் துறைமுகத்தில் நியூட்டனுக்குச் சுங்க அதிகாரி வேலை கிடைத்தது. கிரேக்கமும் எபிரேயமும் படித்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1764-ல் பாதிரியார் ஆனார். தாய் இறந்து 32 ஆண்டு கழித்து அவள் ஆசை நிறைவேறியது!

ஆல்னி என்ற சிற்றூரில் அவருக்கு வேலை. அங்கே பெண்கள் லேஸ் பின்னிப் பிழைத்தார்கள். ஏழை ஊர். நியூட்டன் பழைய மாலுமிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்.

1767-ல் வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் ஆல்னிக்குக் குடிவந்தார். சாதுவானவர். முயல் வளர்த்தவர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஆனால் அவருக்கு மனநோய் இருந்தது. 1773-ல் நோய் முற்றியது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தனக்கு மன்னிப்புக் கிடையாது என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

மனிதரை விற்றவர் மன்னிப்பை நம்பினார். முயலை வளர்த்தவரால் நம்ப முடியவில்லை. குற்ற உணர்ச்சி எப்போதும் குற்றத்தின் அளவைப் பொறுத்து வருவதில்லை. நோயும் அந்த வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

நியூட்டன் நண்பரைக் கடிந்துகொள்ளவில்லை. உமக்கு விசுவாசம் போதாது என்று குற்றம் சாட்டவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் தம்மைப் பற்றி என்ன நினைத்தாலும், கடவுள் அவரைக் கைவிடவில்லை என்றே நியூட்டன் நம்பினார். 1800-ல் கூப்பர் இறந்தபோது அவருக்காகப் பிரசங்கம் செய்தவரும் நியூட்டன்தான்.

1773-ம் ஆண்டுப் பிறப்பு அன்றுதான் அமேசிங் கிரேஸ் பாட்டின் வரிகள் ஆல்னியில் முதல்முதல் வெளிவந்தன. அன்றைய பிரசங்கத்துக்காக நியூட்டன் எழுதியது அது. 1779-ல் இருவர் பாட்டுகளும் ஒரே புத்தகமாக வந்தன. மொத்தம் 348 பாட்டுகள். இன்று பாடும் மெட்டு 1835-ல் அமெரிக்காவில் அதோடு சேர்ந்தது.

34 ஆண்டு மௌனம் உடைந்தது

1780-ல் நியூட்டன் லண்டனில் புனித மேரி உல்நாத் தேவாலயத்துக்கு வந்தார். 1785 டிசம்பரில் ஓர் இளைஞர் யாருக்கும் தெரியாமல் அவரைப் பார்க்க வந்தார். அவர் பார்லிமெண்டு மெம்பர் வில்லியம் வில்பர்போர்ஸ். அரசியலை விட்டுவிட்டு ஆன்மிகத்தில் இறங்கலாமா என்று யோசனை கேட்டார். பார்லிமெண்டில் இருந்தே கடவுளுக்குத் தொண்டு செய்யும்படி நியூட்டன் சொன்னார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் போராட்டத்துக்கு வில்பர்போர்ஸ் தலைவர் ஆனார்.

வியாபாரிகள் எதிர்த்தார்கள். கப்பலில் அடிமைகள் சுகமாக இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அதை மறுக்க, கண்ணால் கண்ட சாட்சி வேண்டும்.

நியூட்டனுக்கு அப்போது 62 வயது. ஊரெல்லாம் மதிக்கும் பாதிரியார். தம் பழைய கதையை 1764-லேயே புத்தகமாக எழுதியிருந்தார். அதில் மற்றப் பாவங்களைச் சொன்ன அளவுக்கு அடிமை வியாபாரத்தின் கொடுமையைச் சொல்லவில்லை. பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1788-ல் அவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். கடலை விட்டு 34 ஆண்டு ஆகியிருந்தது. தாமும் அந்தத் தொழில் செய்தவர் என்றும், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றும், இவ்வளவு காலம் கழித்து வந்த ஒப்புதல் நடந்ததை மாற்றாது என்றும், பேசாமல் இருந்தால் அது குற்றம் என்றும் எழுதினார்.

தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினார். 5 அடி உயரம் கூட இல்லாத அறை. அதையும் நடுவில் பலகை போட்டு இரண்டாக்கி மனிதர்களை அடுக்குவார்கள். காலையில் பார்த்தால், உயிரோடு இருப்பவனும் செத்தவனும் ஒரே சங்கிலியில் கிடப்பார்கள். ஒரு தாயின் கைக்குழந்தை இரவில் அழுதது. தூக்கம் கெட்டது என்று ஒரு கப்பல் அதிகாரி அந்தக் குழந்தையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான்.

படித்தவர்கள் நடுங்கிப்போனார்கள். அரசாங்க விசாரணையிலும் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன்பும் நியூட்டன் நேரில் சாட்சி சொன்னார்.

தம் பாவம் மன்னிக்கப்பட்டது என்று நம்பியவருக்கு அதை ஒளிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் இல்லை. கடவுள் மன்னித்துவிட்டாரே, இனி நமக்கு என்ன என்று அவர் உட்கார்ந்துவிடவும் இல்லை. பாவத்தின் பாரம் அவர் நெஞ்சை விட்டு இறங்கியிருந்தது. ஆப்பிரிக்க மக்களின் சங்கிலி இன்னும் இறங்கவில்லை.

கடைசி நாட்கள்

1791-ல் வில்பர்போர்சின் தீர்மானம் தோற்றது. அவர் சோர்ந்தபோது நியூட்டன் கடிதம் எழுதித் தேற்றினார். 1790-ல் மேரி இறந்தாள். நியூட்டனுக்குக் கண் மங்கியது, காதும் மந்தமானது. 80 வயதிலும் பிரசங்கம் செய்தார்.

1807-ம் ஆண்டு மார்ச்சு 25-ந் தேதி, பிரிட்டிஷ் கப்பல்களில் அடிமை வியாபாரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. நியூட்டன் அந்தச் செய்தியைக் கேட்க உயிரோடு இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, 82-வது வயதில் இறந்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833-ல்தான் வந்தது.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகசக்தி குறைந்துபோயிற்று. ஆனால் இரண்டு விஷயம் மறக்கவில்லை. தாம் பெரிய பாவி என்பது ஒன்று. தம்மை மீட்ட கிறிஸ்து அதைவிடப் பெரியவர் என்பது மற்றொன்று. பார்க்க வந்தவர்களிடம் இதையே சொன்னார்.

தம் கல்லறைக் கல்லில் என்ன பொறிக்கவேண்டும் என்பதையும் அவரே எழுதிவைத்தார். பெரும் புகழுரை எதுவும் அதில் இல்லை. ஒரு காலத்தில் கடவுளை மறுத்து, நெறி கெட்டு, ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாகக் கிடந்தவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். கிறிஸ்துவின் இரக்கத்தால் மன்னிப்புப் பெற்று, எந்த மதத்தை அழிக்க முயன்றானோ அதையே போதிக்க நியமிக்கப்பட்டவன் என்றும் எழுதினார். அந்த வாசகத்தைப் புனித மேரி உல்நாத் தேவாலயத்துச் சுவரில் பளிங்குக் கல்லில் பதித்தார்கள். 1893-ல் அவரது உடலும் மேரியின் உடலும் ஆல்னிக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர் பிரசங்கம் செய்த தேவாலயத்தின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டன.